நீ இடது தோளில் வைத்த துவக்கு

நீ இடது கைக்காரன். இருபத்தாறு வயது வரைக்கும் அதை என்னிடம் மறைத்தாய். என் மேசையில் இருந்து, நான் போட்ட சோற்றை வலது கையால் பிசைந்து சாப்பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பொய் சொன்னாய். இதில் வாதாட ஒன்றும் இல்லை. என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதைத் தனியாக எழுதியிருக்கலாம். எழுதினேன். நீ வாசித்துவிட்டாய் என்று போனில் நீலக் கோடுகள் காட்டுகின்றன, பதில்தான் வருவதில்லை. ஆகவே சனம் பார்க்க எழுதுகிறேன். இது வெளியே வந்தால் ஸ்காபரோவில் இருந்து அஜக்ஸ் வரைக்கும் உள்ள அன்ரிமார் எல்லாரும் படம் பிடித்து, “தம்பி, இது நீயோ?” என்று கேட்டு உனக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு நீ பதில் போடாமல் இருக்கமாட்டாய். அவர்களுக்கு நீ நல்ல பிள்ளை. அந்தப் பட்டம் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். நீ வரவேண்டும், வந்து என்னோடு வாயைத் திறந்து கதைக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக ஊரைக் கூட்டுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்தப் பெட்டி வந்த நாளில் இருந்து சொல்கிறேன். உன் கொண்டோ மாடிக் கட்டிடத்தின் வாசலில் பொதி வாங்கி வைக்கும் ஆட்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று பயந்து எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீட்டுப் பெட்டி. திரைச்சீலைக் கம்பி என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய இரும்புக் குழல். எனக்கு அதை அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை. பதினேழு வயதில், ஊரில் ஆமிக்காரரின் சென்றியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் நடந்தவள் நான். உடனே உனக்கு அடித்தேன்.

“டேய், என்ர வீட்டுக்குள்ள துவக்கு வந்திருக்கு. என்னடா இது?”

“அம்மா, உது துவக்கு இல்ல. கிட். பூட்டிச் செய்யிற துண்டுகள். இன்னும் துவக்கு ஆகேல்ல.”

“ஆக்கத்தானே எடுத்தனீ?”

“அது பழைய காலத்துச் சாமான் அம்மா. குழல் வாயால வெடிமருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால இடிச்சு, கல்லு நெருப்பில சுடுறது. லைசென்ஸே தேவையில்லை. சில் பண்ணுங்கோ. ஞாயிறு வாறன், வந்து செய்யிறன்.”

சில் பண்ணச் சொன்னாய். இந்த நாட்டில் துவக்கு ஒரு பொழுதுபோக்கு. இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு மான் பார்க்கப் போவார்கள், திங்கட்கிழமை அலுவலகத்தில் படம் காட்டுவார்கள். நீயும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாய். எங்கள் ஆட்கள் அதற்கும் மேல். மண்டபம் எடுத்து, மேடை போட்டு, துவக்குத் தூக்கியவர்களைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிவிட்டு, கொத்து ரொட்டி சாப்பிட்டு, பிள்ளையைக் கணக்கு ரியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். என் வகுப்பில் பின்வாங்கில் இருந்தவள் ஒருத்தி துவக்குத் தூக்கப் போனாள், திரும்பி வரவில்லை. மேடையில் பேசுகிறவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியாது. அதனால் துவக்கு என்றால் எனக்குப் பயம் இல்லை, எரிச்சல். அந்தப் பெட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன்.

ஏன் போடவில்லை தெரியுமா? “ஞாயிறு வாறன்” என்றாய். கொண்டோவுக்குப் போனபிறகு நீ பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வருகிற ஆள். வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டு, கோட்டைக் கழற்றாமல் இருக்கிற ஆள். நானும் அப்பாவும் உன்னை வளர்த்த வீட்டில், அவர் ரெயினில் வேலைக்குப் போய் வர, நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வர, இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் ஒருவர் கோப்பையை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒரு இரும்புக் குழல் உன்னை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரும் என்றால், அது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நினைத்துவிட்டுச் சும்மா இருப்பவள் இல்லை நான். நீ வரமுதல் அந்தக் கிட்டோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசித்தேன். உன்னுடைய பள்ளிக்கூட புரொஜெக்ட் எல்லாவற்றையும் முதலில் நான்தானே வாசித்தேன். சாமான்களை மேசையில் பரப்பினேன். குழல், முக்கால்வாசி செதுக்கிய மரக்கட்டை, இடிக்கிற கோல், பித்தளைத் துண்டுகள், பிறகு பொறி கிளப்பும் அந்தப் பகுதி. கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் சுத்தியல், அது உரசும் இரும்பு, மருந்து வைக்கும் சின்னக் கிண்ணம், எல்லாம் ஒரே தகட்டில் பூட்டியிருந்தன. ‘லொக்’ என்று புத்தகத்தில் இருந்தது. படத்தில் அந்த லொக் துவக்கின் வலது பக்கம் இருந்தது. எங்கள் பெட்டியில் வந்த கட்டையில் அதற்கு வெட்டிய இடம் இடது பக்கம் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையான சாமான் அனுப்பியிருக்கிறார்கள். பெயர் தமிழாக இருந்தால் எதையும் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரனுக்குப் போன் அடித்தேன். அவன் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, ஓடர் செய்ததே இடது பக்கத்துச் சாமான்தான் என்றான். அப்படியென்றால் உங்கள் கொம்பியூட்டர் பிழை என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டான், “மேடம், சுடப்போகிறவர் இடது கைக்காரரா?”

“எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை,” என்றேன்.

மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, குரலை உயர்த்தி, அன்றைக்கே திருப்பி எடுக்க ஒத்துக்கொள்ள வைத்தேன். நீ ஞாயிறு வந்தபோது கராஜில் பெட்டி இல்லை.

“எங்கயம்மா?”

“பிழையான பக்கம் அனுப்பியிருக்கிறாங்கள். நான் விடேல்ல. சண்டை பிடிச்சு மாத்திப் போட்டன். வலப்பக்கத்துச் சாமான் வருது.”

நீ என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில்தான் நீ வாய் திறந்திருக்கவேண்டும். ஒரு வசனம். “அம்மா, நான் இடக்கை” என்று. நீ என்ன சொன்னாய்? “தேங்க்ஸ் அம்மா” என்றாய். அதோடு நிற்காமல், “நல்லகாலம் பாத்தீங்கள்” என்றும் சொன்னாய். 

மாற்றிய பெட்டி வந்தது. நாங்கள் வேலையைத் தொடங்கினோம். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குள் ஹீட்டரைப் போட்டு, பழைய மேசையில் கட்டையை இறுக்கி, இரண்டு பேரும் குனிந்து நின்றோம். குழல் மரத்துக்குள் சரியாகப் படிந்து இருக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. குழலில் கரி பூசி, மரத்தில் அமுக்கி எடுத்தால், எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மரம் மேடு. அந்த மேட்டை மட்டும் சுரண்டவேண்டும். பிறகு திரும்பவும் கரி, திரும்பவும் சுரண்டல். அதற்கென்று ஒரு மை விற்கிறார்கள் என்றாய். நான் சாமியறைக்குப் போய், கற்பூரத் தட்டில் படிந்திருந்த கரியை வழித்து, நல்லெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தேன். அப்பா கதவில் நின்று பார்த்தார்.

“கற்பூரக் கரியில துவக்குச் செய்யிற முதல் ஆள் நீர்தான்,” என்றார்.

“நீங்கள் போய் ரீவியைப் பாருங்கோ.”

குழலுக்கு நிறம் ஏற்றியதும் ஞாபகம் இருக்கும். கடை மருந்தைப் பூசி, ஈரக்காற்றில் தொங்கவிட்டுத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைத் தேய்த்துத் தேய்த்து மண்ணிறமாக்கவேண்டும். மாசி மாதத்து அஜக்ஸில் ஈரக்காற்றுக்கு எங்கே போவது? குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஷவர்க் கம்பியில் கட்டினோம். காலையில் வேலைக்கு வெளிக்கிட்ட அப்பா துவாயோடு வெளியே வந்து கத்தினார்.

“இஞ்சேரும்! குளிக்கப் போனாத் துவக்கு என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. இது வீடோ, சென்றியோ?”

நீ சிரித்த சிரிப்பு எனக்குக் கீழே சமையலறை வரைக்கும் கேட்டது. முதல் நாள் இரவு நீ எங்களோடு தங்கியிருந்தாய். உன் பழைய அறையில் படுத்தாய். அந்தச் சிரிப்புக்காக நான் வீடு முழுக்கத் துவக்குக் கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.

ஆனால் உன் வேலை குப்பை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உளியைப் பிடித்தால் உளி வழுக்கும். அரத்தைப் பிடித்தால் அரம் சாயும். லொக் உட்காரும் இடத்தில் ஒரு பெரிய காயம் போட்டாய், நான் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன்.

“கை வளையாதோ உனக்கு? உளியைப் பிடிக்கிற விதத்தைப் பார்! கரண்டியால பருப்புக் கடையிற மாதிரி.”

“சொறி அம்மா.”

“சொறி சொல்லாதை, பிடி.”

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. நான் தேத்தண்ணி வைக்க உள்ளே போய் வருகிற நேரத்துக்குள் நீ செய்த பகுதிகள் நேராக, வடிவாக இருந்தன. நான் பக்கத்தில் நின்றால் கோணல். நான் பார்த்துக்கொண்டு நிற்பது உனக்குப் பதற்றம் என்று நினைத்தேன். அதற்கும் உன்னைத்தான் பேசினேன்: இருபத்தாறு வயதில் அம்மா பார்த்தால் கை நடுங்குகிற ஆம்பிளை எந்த அலுவலகத்தில் நிமிர்ந்து நிற்பான்? நீ தலையை ஆட்டினாய். கரி படிந்த முகத்தோடு, “ஓம் அம்மா” என்றாய்.

அந்த ‘ஓம்’ பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். என் வேலைத்தளத்தில் எங்கள் பெண்கள் நிறையப் பேர். யாராவது வராவிட்டால் மேற்பார்வைக்காரி நேராக அவர்களிடம்தான் வருவாள். இரட்டை ஷிப்ட் நிற்க முடியுமா என்று கேட்பாள். அவர்கள் ‘ஓம்’ என்பார்கள். முதுகு உடைந்தாலும், வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும், சிரித்துக்கொண்டு ‘ஓம்’ என்பார்கள். பிறகு உடுப்பு மாற்றுகிற அறையில் அழுவார்கள். வருட முடிவில் அவர்களுக்கு ஒரு கேக் துண்டும் ‘நல்ல மனசுக்காரர்’ என்ற பாராட்டும் கிடைக்கும். நான் ‘ஏலாது’ என்று சொல்கிறவள். என்னை அவளுக்குப் பிடிக்காது, ஆனால் என் சனிக்கிழமையைத் தொடமாட்டாள். எங்கள் சமூகம் தன் பிள்ளைகளுக்கு ஊட்டுகிற நஞ்சு இந்த ‘ஓம்’தான். வாய் திறக்காத பிள்ளையை ‘பண்பான பிள்ளை’ என்று கொண்டாடுகிறோம். அது பண்பு இல்லை, ஒளிப்பு. என் வயிற்றில் பிறந்துவிட்டு நீ எப்படி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாய் என்று நினைத்து நினைத்து எனக்கு விசர் பிடிக்கிறது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பனி உருகி, துவக்கும் முடிந்திருந்தது. எண்ணெய் பூசிய மரம், மண்ணிறக் குழல். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது, அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அஜக்ஸுக்கு வடக்கே, பண்ணைகளுக்கு நடுவில், பழைய துவக்குச் சுடுகிறவர்களின் மைதானம் ஒன்றுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அந்த இடத்தில் கறுத்தத் தலை நாங்கள் இரண்டு பேர்தான். மைதானத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் லின்டா என்று ஒருத்தி, என் வயதிருக்கும், என்னைப்போலவே சத்தக்காரி. எங்கள் துவக்கை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, குழலுக்குள் கோலை விட்டுப் பார்த்து, சரி என்றாள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடவைத்தாள்.

முதல் வெடி எங்கேயோ போனது. இரண்டாவதும் அப்படித்தான். வலது தோளில் துவக்கை வைத்து, கழுத்தை வளைத்து, அடுத்தவனின் கோட்டுக்குள் புகுந்தவன் மாதிரி நின்றாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். லின்டா பொறுக்கவில்லை. எந்தக் கண் குறி பார்க்கிறது என்று அறிய, இரண்டு கண்ணையும் திறந்து வைத்து அவளுடைய மூக்கை விரலால் காட்டச் சொன்னாள். காட்டினாய். உன் விரல் உன் இடது கண்ணுக்கு நேரே நின்றதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

“உனக்கு இடது கண்தானே. இடது கையா?”

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எனக்கு அவள் கேட்டதே முழுதாக ஏறவில்லை. பிறகு நீ துவக்கை நிரப்பினாய். இடது கையால். மருந்து அளந்து ஊற்றியது, குண்டை வைத்தது, கோலை இறக்கியது எல்லாம் இடது கையால். மாதக்கணக்காக உளி வழுக்கிய கை இல்லை அது. தண்ணீர் மாதிரி ஓடியது. இடது தோளில் துவக்கை வைத்து, கன்னத்தைச் சாய்த்தாய். உன் உடம்பு முழுவதும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. உன்னைப் பெற்ற எனக்கு, அதற்குமுன் உன்னை அப்படி ஒருநாளும் பார்த்த ஞாபகம் இல்லை. லின்டா எதையோ கண்டு “நில்!” என்று கத்தினாள். அதற்குள் விசையை இழுத்துவிட்டாய்.

குண்டு கடதாசியின் நடுவுக்குக் கிட்டப் பட்டது. உன் முகமும் எரிந்தது. வலது பக்கத்து லொக், இடது தோளில் வைத்தால், நேரே கன்னத்துக்கு முன்னால் வருகிறது. கிண்ணத்தில் நீ மருந்தை அள்ளிப் போட்டிருந்தாய். கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. புருவம் பாதி இல்லை, கன்ன எலும்பில் தோல் கருகிச் சிவந்துவிட்டது. நான் ஓடிவந்து தண்ணீரை ஊற்றினேன். லின்டா துவக்கை வாங்கி வைத்துவிட்டுக் கோபமாகக் கேட்டாள், “இடது கைக்காரனுக்கு யார் வலது பக்கத்து லொக் வாங்கிக் கொடுத்தது?”

“அம்மாதான் திருத்தினவ,” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

காரில் நான்தான் ஓட்டினேன். நீ ஈரத்துணியைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டிருந்தாய்.

“எப்ப இருந்து?”

“எப்பவும் இப்பிடித்தான் அம்மா.”

“நீ சோத்துக்கையாலதானே சாப்பிடுறனீ? நான் பாக்கிறன்தானே?”

“உங்கட வீட்டில.”

‘உங்கட வீட்டில.’ அந்த இரண்டு சொல்லை நீ எவ்வளவு லேசாகச் சொன்னாய்! பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூட மதியச் சாப்பாடு இடது கை. சோதனை எழுதியது இடது கை. பல்விளக்கியது, பாத்ரூம் கதவைப் பூட்டியபிறகு, இடது கை. ஆங்கிலம் இடது கையால் எழுதுவாய், தமிழ் மட்டும் வலது கையால். தமிழ் வீட்டுப்பாடம் நான் பக்கத்தில் இருந்து எழுதவைத்தது. உன் தமிழ் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று நான் எத்தனை சனிக்கிழமை உன்னைப் பேசியிருப்பேன்.

உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்காபரோ அப்பார்ட்மென்டில், ஒரு அன்ரி நீட்டிய பிஸ்கட்டை நீ இடது கையால் வாங்கினாய். “கழுவுற கையால வாங்குறான், உவனுக்கு ஒண்டும் பழக்கேல்லையோ?” என்றாள். நான் உன்னை அடிக்கவில்லை. கையை மாற்றி வைத்தேன். மாற்றி மாற்றி வைத்தேன், நீ பழகிவிட்டாய். எல்லா அம்மாமாரும் செய்வதுதான். கெட்டிக்காரன், கெதியாகப் பிடித்துக்கொண்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். நீ பிடித்துக்கொண்டது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது.

“அப்பாக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தெரியும். என்னோட கிரிக்கெட் விளையாடினவர்தானே. அம்மாட்டைச் சொல்லாதை, அவ கவலைப்படுவா எண்டவர்.”

அன்று இரவு உன் அப்பாவைக் கேட்டேன். “கைதானே, இதென்ன பெரிய விசயமே?” என்றார் மனுசன். பெரிய விஷயம் இல்லை என்றால் ஏன் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து இவ்வளவு காலம் மூடி வைத்தீர்கள்? அதற்கு அவர் எழும்பிப் போய் ரீவியைப் போட்டார். அவரிடம்தான் நீ படித்திருக்கிறாய்.

காருக்குள் உன்னிடம் நான் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்.

“ஏன்டா எனக்குச் சொல்லேல்ல?”

“சொன்னா நீங்கள் திருத்துவியள்.”

“கையை வெட்டியா எறியப்போறன்?”

“கிட்டை என்ன செய்தனீங்கள் அம்மா? நான் சரியாத்தான் ஓடர் பண்ணினனான். ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?”

“கேக்காட்டி உனக்கு வாய் இல்லையோ?”

நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, கத்தாமல், ஏதோ மளிகைச் சாமான் சொல்வது போல, “இது ஒண்டுதான் எண்டு நினைக்கிறீங்களோ?” என்றாய். ரெயில் நிலையம் வந்தது. “இஞ்ச இறக்கி விடுங்கோ” என்றாய். கன்னத்தில் துணியோடு, துவக்கை என் காரில் விட்டுவிட்டு, இறங்கிப் போனாய். அதற்குப் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை வேலையில், பாரிசவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த ஒரு கிழவருக்கு இடது கையில் கரண்டியைக் கொடுத்துச் சாப்பிடப் பழக்கினேன். சூப்பைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனார். கைதட்டினேன், அது என் வேலையில் ஒரு பகுதி. தட்டிக்கொண்டே எனக்கு உன்மேல் கோபம் பொங்கியது. முன்பின் தெரியாத கிழவருக்கு எந்தக் கை வேலை செய்கிறது என்று கேட்கத் தெரிந்த எனக்கு, நீ ஒரு சந்தர்ப்பம் தரவில்லை. நான் மாறாத ஆள் என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய். அந்தத் தீர்ப்பை என்னிடம் வாசித்துக்கூடக் காட்டவில்லை.

இப்போது எனக்குத் தூக்கம் போனது கையால் இல்லை. ‘இது ஒண்டுதான் எண்டு நினைக்கிறீங்களோ’ என்றாயே, அதனால்தான். வேலையை விட்டுவிட்டாயா? உடம்புக்கு வருத்தம் ஏதாவது இருக்கிறதா? யாரையாவது கல்யாணம் செய்துவிட்டாயா, எங்களுக்குச் சொல்ல முடியாத ஒரு பெட்டையையோ, ஒரு பொடியனையோ? இந்த நாட்டையே விட்டுப் போகப்போகிறாயா? ஷிப்டில் ஒவ்வொரு கட்டிலாகப் படுக்கை விரிக்கும்போது ஒவ்வொன்றாக நினைக்கிறேன். உனக்குச் சுகமான வசனம் வேண்டும் என்றால், ‘எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ராசா’ என்று எழுதியிருப்பேன். ரீவியில் வருகிற அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அது பொய், இந்த வீட்டில் பொய் போதும். சில விஷயங்கள் எனக்குப் பரவாயில்லை இல்லை. நான் கத்துவேன். இரண்டு நாள் சாப்பிடமாட்டேன். அப்பாவோடு சண்டை பிடிப்பேன். திருத்தப் பார்ப்பேன், அது என் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் நீ ‘ஏலாது’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னால் நிறுத்துவேன். நிறுத்துவேனோ என்று உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை.

உனக்கு நான் தருகிற புத்தி இது ஒன்றுதான், கல்யாணம் கட்டினாலும், பிள்ளை பெற்றாலும், எந்த மேலாளருக்குக் கீழே இருந்தாலும். உன்னை நேசிக்கிறவர்களோடு சண்டை பிடி. மௌனமாக விட்டுக்கொடுத்துவிட்டு, பின்கதவால் உன் வாழ்க்கையைக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்து வாழாதே. அப்படி வாழ்கிறவர்களால் மார்க்கம் நகரும் ஸ்காபரோவும் நிறைந்துபோய்க் கிடக்கின்றன. கோயிலில் கும்பிடுவார்கள், கல்யாண வீட்டில் சிரிப்பார்கள், ஒருவருடைய உண்மையும் அடுத்தவருக்குத் தெரியாது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது இதற்காக இல்லை.

உன் கன்னம் ஆறிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. தழும்பு விழும் இடம் அது. களிம்பை இரண்டு நேரமும் பூசு, வெயிலில் போகாதே. எந்தக் கையால் பூசுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறது வேறு. வருகிற ஞாயிறு வா, வராவிட்டால் போனை எடு. அதுவும் முடியாவிட்டால் இதற்குக் கீழே ஊர் பார்க்க எழுது, எனக்குக் கவலை இல்லை. ‘இது ஒண்டுதான் எண்டு நினைக்கிறீங்களோ’ என்று கேட்டவன் நீ. இல்லை, நான் நினைக்கவில்லை. மற்றது என்ன? சொல்.